சீட்டு எடுத்து எழுதும் லேப் தேர்வை முதலில் மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலை அறிவியல் கல்லூரிகளில் சேர்க்கை தொடங்கினால் பி.எஸ்ஸி. கணினி அறிவியலுக்கும் பி.சி.ஏ.வுக்கும் எவ்வளவு போட்டி என்பது செய்தியாகிறது. சேர்ந்த பிள்ளைகள் முதல் செமஸ்டரில் புரோகிராமிங்கை எப்படிப் படிக்கிறார்கள் என்பதை யாரும் எழுதுவதில்லை. மூன்றாம் ஆண்டில் வளாகத் தேர்வுக்கு வருகிற கம்பெனிக்காரர்கள் உதட்டைப் பிதுக்கிய பிறகுதான் பேச்சு கிளம்புகிறது. அப்போதும் பழி பாடத்திட்டத்தின் மேல்தான் விழும்: சி மொழியைத் தூக்கிவிட்டுப் பைத்தானைக் கொண்டு வா, எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். பல இடங்களில் கொண்டு வந்தும் ஆயிற்று. பெரிதாக எதுவும் மாறவில்லை. லேப் தேர்வு அப்படியே இருக்கும்வரை எந்த மொழியை வைத்தாலும் பிள்ளைகள் அதை மனப்பாடம்தான் செய்வார்கள்.

வெளியில் இருப்பவர்களுக்காக அந்தத் தேர்வு நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறோம். பாடத்திட்டத்தில் பத்துப் பதினைந்து புரோகிராம்கள் இருக்கும்: ஃபேக்டோரியல், ஃபிபனாச்சி, பகா எண், பாலிண்ட்ரோம், மேட்ரிக்ஸ் பெருக்கல், பபிள் சார்ட். செமஸ்டர் முழுக்க அவற்றை அப்சர்வேஷன் நோட்டில் எழுதி, கணினியில் தட்டி, ரெக்கார்டில் ஏற்றிக் கையெழுத்து வாங்க வேண்டும். தேர்வன்று அதே பட்டியலிலிருந்து சீட்டு. எடுத்த சீட்டுக்கு நோக்கம், வழிமுறை, புரோகிராம், வெளியீடு என்று தாளில் எழுதிக்காட்டிப் பிறகு தட்ட வேண்டும். வெளித்தேர்வாளருக்கு ஒரு நாளில் இரண்டு பேட்ச். வைவா எனும் வாய்மொழித் தேர்வுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது.

இந்தத் தேர்வில் மனப்பாடம் செய்தவரையும் புரிந்துகொண்டவரையும் பிரித்துக் காட்டும் இடம் ஒன்றே ஒன்றுதான். புரோகிராம் ஓடாதபோது அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். புரிந்தவர் பிழைச் செய்தியின் கடைசி வரியைப் படித்து, செய்தி காட்டும் வரிக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லையென்றால் அதற்கு மேல் வரியைப் பார்ப்பார். மூடாத அடைப்புக்குறி பெரும்பாலும் மேல் வரியில்தான் இருக்கும். (பைத்தான் 3.10 முதல் எந்த அடைப்பு மூடப்படவில்லை என்று அதுவே சொல்லிவிடுகிறது. லேப்பில் பழைய பதிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள், செலவில்லை.) மனப்பாடம் செய்தவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல் வரியிலிருந்து திரும்பத் தட்டுவார். இதற்கு மதிப்பெண் அட்டவணையில் ஒரு கட்டம்கூட இல்லை.

ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டினால் இன்னொன்றும் தெரியும். ஃபேக்டோரியல் (1 முதல் அந்த எண் வரை பெருக்கிய விடை) புரோகிராமுக்கு எல்லா நோட்டிலும் உள்ளீடு 5, வெளியீடு 120. ஏழு கொடுத்தால் 5040, அதுவும் சரி. எட்டு கொடுத்துப் பார்த்தவர் அபூர்வம். பழைய டாஸ் மென்பொருளை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸுக்குள் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் டர்போ சி என்ற பழைய சி மென்பொருளில், சாதாரண முழு எண் வகையில், எட்டின் ஃபேக்டோரியல் -25216 என்று வரும். அங்கே முழு எண்ணுக்கு இடம் 16 பிட், அதிகபட்சம் 32767. 40320 அதில் அடங்காமல் 65536 கழிந்து நிற்கிறது. முதல் செமஸ்டரில் ஒரு மாணவர் பார்க்க வேண்டிய காட்சி இதுதான். இயந்திரம் கூச்சமே இல்லாமல் தவறான விடை தரும், பிழைச் செய்தியும் வராது. நாமோ 5 போட்டு 120 வாங்கி, கையெழுத்துப் போட்டு மூடிவிடுகிறோம்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டுமான கோளாறு அல்ல. 2001ல் பல நாட்டு ஆசிரியர்கள் சேர்ந்து, முதல் புரோகிராமிங் பாடத்தை முடித்த மாணவர்களுக்கு ஒரே மாதிரிப் பயிற்சி கொடுத்துத் திருத்தினார்கள். 110க்குச் சராசரி 23ஐக்கூடத் தொடவில்லை. 2004ல் ஏழு நாடுகளில் இன்னொரு சோதனை. அதில் எழுதச் சொல்லவே இல்லை. சிறு புரோகிராமைக் கொடுத்து, ஓடி முடித்ததும் மாறியில் (மதிப்பை வைத்திருக்கும் பெயரில்) என்ன இருக்கும் என்றோ, விடுபட்ட இடத்துக்கு எந்த வரி பொருந்தும் என்றோ தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அதிலேயே பலர் தடுமாறினார்கள். வாசிக்கத் தெரியாதவரைக் கட்டுரை எழுதச் சொன்ன கதைதான்.

ஆகவே முதல் நான்கு வாரம் கணினியை விடத் தாள் முக்கியம். தாளில் ஒவ்வொரு மாறிக்கும் ஒரு நெடுவரிசை, கடைசியில் வெளியீட்டுக்கு ஒரு நெடுவரிசை, ஓடும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கிடைவரிசை. அ = 5, ஆ = 7, அ = ஆ, ஆ = அ என்று நான்கு வரி கொடுத்துப் பாருங்கள். (பைத்தான் 3 தமிழ் மாறிப் பெயர்களை அப்படியே ஏற்கும்.) பாதி வகுப்பு இரண்டும் இடம் மாறிவிட்டன என்று எழுதும். உண்மையில் இரண்டிலும் 7தான், ஐந்து மூன்றாம் வரியிலேயே போய்விட்டது. சிலர் ஆ காலி என்று எழுதுவார்கள். அது ஆசிரியர் கற்றுக்கொடுத்த தவறு. மாறி என்றால் டப்பா என்று சொல்லியிருப்பார். டப்பாவிலிருந்து எடுத்தால் டப்பா காலியாகத்தானே வேண்டும்? சிலேட்டு என்று சொல்லுங்கள். ஒரு சிலேட்டைப் பார்த்து இன்னொன்றில் எழுதினால் முதலாவது அழிவதில்லை. எழுதப்பட்டதில் முன்பு இருந்தது அழிந்துவிடும். பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் லிஸ்ட் வரும்போது இந்தச் சிலேட்டு உவமையும் உதவாது, ஒரே லிஸ்டுக்கு இரண்டு பெயர் இருக்க முடியும். அதனால் லிஸ்டை எட்டாவது வாரத்துக்குத் தள்ளுவது நல்லது.

சமக் குறியை வாய்விட்டுப் படிக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். அ = அ + 1 என்பதை 'அ சமம் அ கூட்டல் ஒன்று' என்று படித்தால், பத்தாம் வகுப்பு கணக்குப் படித்த எவருக்கும் அது பொய். 'அ-வில் இருப்பதோடு 1ஐக் கூட்டி, வந்ததை அ-விலேயே எழுது' என்று படித்தால் பொய்யும் இல்லை, குழப்பமும் இல்லை. இயந்திரமும் இதே வரிசையில்தான் வேலை செய்கிறது: வலப்பக்கத்தை முதலில் கணக்கிடும், பிறகு இடப்பக்கத்தில் எழுதும். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவது இங்கே நமக்கு லாபம். தமிழ் வழியில் படித்து வந்தவருக்கு இதைத் தமிழில் சொல்ல ஆசிரியர் தயங்குவது ஏன் என்று புரியவில்லை. கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் இருக்கட்டும், விளக்கம் தமிழில் இருந்தால் யாருக்கு என்ன நட்டம்?

அடுத்தது எல்லைத் தவறு. எண் வரிசை தரும் ரேஞ்சுக்கு 1 முதல் 5 வரை என்று கொடுத்தால் பைத்தான் 4ஓடு நின்றுவிடும். அந்த எண்களைக் கூட்டிக்கொண்டே போனால் கூட்டுத்தொகை 1, 3, 6, 10 என்று ஏறி 10ல் நிற்கும். அட்டவணை போடாதவர் 15 என்று எழுதுவார். பைத்தானில் இன்புட் எப்போதும் எழுத்துச் சரமாகத்தான் வரும். 5ஐயும் 7ஐயும் வாங்கிக் கூட்டினால் 57. சி-யில், சில வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் சுற்றைத் தொடங்கும் ஃபார் வரியின் கடைசியில் ஒரு அரைப்புள்ளி விழுந்துவிட்டால் சுற்று வெறுமனே சுற்றி முடிந்து, உள்ளே எழுதியது ஒரே தடவை ஓடும். இந்த மூன்றையும் வகுப்பில் வேண்டுமென்றே செய்துகாட்ட வேண்டும். ஓட்டுவதற்கு முன் நான்கு விடைகளைப் பலகையில் எழுதி, ஒன்று முதல் நான்கு விரல் காட்டச் சொல்லுங்கள். விரல்கள் சிதறினால் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாட விட்டு, மறுபடி விரல் கேட்டு, அதன் பிறகு ஓட்டிக் காட்டுங்கள். அறுபது பேர் வகுப்பில் இதற்கு ஒரு கருவியும் வேண்டாம்.

அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்று ஒரு வகை உண்டு. சிறியவை, பெரும்பாலும் இளநிலைப் படிப்பு மட்டும், வரலாறு படிக்க வந்தவரும் கணினியில் ஒரு பாடம் எடுக்கலாம். நம் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு எட்டத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். அயோவா மாநிலத்தில் உள்ள கிரின்னெல் கல்லூரியில் முதல் பாடமே ஸ்கீம் குடும்பத்து மொழியில்தான். வந்தவர்களில் ஏறக்குறைய யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் எல்லோரும் ஒரே கோட்டில் தொடங்குகிறார்கள். வகுப்பும் லேப்பும் தனித்தனி அல்ல, இருவர் இருவராகக் கணினி முன் உட்கார்ந்தே பாடம் நடக்கிறது. கலிஃபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரி 2006 வாக்கில் முதல் பாடத்தை ஜாவாவிலிருந்து பைத்தானுக்கு மாற்றியது. அதைவிடப் பெரிய மாற்றம், முன்பே புரோகிராமிங் தெரிந்தவர்களையும் தெரியாதவர்களையும் தனித்தனி வகுப்பாகப் பிரித்தது. வேறு சில முயற்சிகளும் சேர, கணினி அறிவியலை முதன்மைப் பாடமாக எடுக்கும் பெண்களின் பங்கு சில ஆண்டுகளில் சுமார் 10 சதவீதத்திலிருந்து 40 சதவீத அளவுக்கு ஏறியது. நம் ஊர்க் கணினி வகுப்புகளில் பெண்களுக்குப் பஞ்சமில்லை, அந்தக் கணக்கு நமக்குப் பொருந்தாது. பிரித்த யோசனை பொருந்தும்.

நம் வகுப்பில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான் படித்துவிட்டு வந்தவர் ஒருவர். வணிகவியலோடு கணினிப் பயன்பாடுகள் எடுத்தவர் ஒருவர். கணினியே தொடாமல் வந்தவர் ஒருவர். ஆசிரியர் கேள்வி கேட்டதும் முதலாமவர் பதில் சொல்லிவிடுகிறார்; வகுப்புக்குப் புரிந்துவிட்டது என்று ஆசிரியர் நகர்ந்துவிடுகிறார். மூன்றாமவர் அன்றே 'இது நமக்கு வராது' என்று முடிவு கட்டுகிறார். இதற்குத் தீர்வு கையிலேயே இருக்கிறது. லேப்புக்கு வகுப்பை எப்படியும் இரண்டு பேட்ச் ஆக்குகிறோம், பதிவெண் வரிசையில். பதிவெண்ணை விட்டுவிட்டு, பிளஸ் டூவில் கணினி படித்தவர், படிக்காதவர் என்று பிரியுங்கள். நேர அட்டவணை மாறாது, கூடுதல் ஆசிரியர் வேண்டாம். ஆனால் இரண்டாவது பேட்ச்சை யாரும் 'வீக் பேட்ச்' என்று வாய் தவறியும் சொல்லக் கூடாது. தேர்வு இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். இரண்டாம் செமஸ்டரில் சேர்த்துவிடுங்கள்.

துணைப்பாடமாகக் கணினி எடுக்கும் மற்றத் துறைப் பிள்ளைகளுக்கு ஃபிபனாச்சி எதற்கு? வணிகவியல் மாணவரிடம் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்த விலை 1180 ரூபாய், அடிப்படை விலை என்ன என்று கேளுங்கள். 1180லிருந்து 18 சதவீதம் கழித்து 967.60 என்று புரோகிராம் எழுதுபவர் பலர் இருப்பார்கள்; 1.18ஆல் வகுத்தால்தான் 1000 வரும். அங்கே திருத்த வேண்டியது கணக்கு, புரோகிராம் அல்ல என்பதை அவரே கண்டுபிடிப்பார்.

தமிழ் இலக்கிய மாணவருக்கு இன்னும் ருசியான கணக்கு இருக்கிறது. திருப்பிப் படித்தாலும் அதே சொல்லா என்று பார்க்கும் பாலிண்ட்ரோம் புரோகிராம் ரெக்கார்டில் இருக்கிறதே, அதை எடுத்து, சரத்தைத் திருப்பி ஒப்பிடும் அதே புரோகிராமை, 'விகடகவி' என்று கொடுத்து ஓட்டுங்கள். இல்லை என்று சொல்லும்! பைத்தானுக்கு அது ஐந்து எழுத்து அல்ல, ஏழு குறி: வ, இகரக் குறி, க, ட, க, வ, இகரக் குறி. திருப்பினால் இகரக் குறி தலைக்கு வந்து தனியாகத் தொங்குகிறது. 'தமிழ்' என்பதன் நீளம் கேட்டால் 5 என்கிறது. புள்ளியும் இகரமும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. சரிசெய்ய ஆறேழு வரி போதும். ஒவ்வொரு குறியின் யூனிகோட் எண்ணையும் (கணினியில் அந்தக் குறிக்குக் கொடுக்கப்பட்ட எண்) கேள்; அது 3006 முதல் 3021க்குள் இருந்தால் உயிர்க்குறியோ புள்ளியோதான், முந்தைய எழுத்தோடு ஒட்டு; இல்லையென்றால் புது எழுத்தாகத் தொடங்கு. இப்படி ஒட்டிய எழுத்துகளின் லிஸ்டைத் திருப்பி ஒப்பிட்டால் விகடகவி தேறிவிடும். அகரவரிசையிலும் இதே வம்பு உண்டு. யூனிகோடில் ழகரம் வகரத்துக்கு முன்னால் இருப்பதால், அப்படியே வரிசைப்படுத்தினால் 'அழகு' முதலிலும் 'அவரை' பிறகும் வரும், அகராதியில் நேர்மாறு. ஒரு அகராதியைப் புரட்டத் தெரிந்த மாணவருக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். கணினி அறிவியல் மாணவர்தான் தலையைச் சொறிவார்.

இனி, தேர்வை எப்படி வைக்கலாம் என்பதற்கு வருகிறோம். மூன்று மணி நேரம், 60 மதிப்பெண் என்று கொள்வோம். முதல் அரை மணி தாளில் மட்டும்: இரண்டு சிறு புரோகிராம்களுக்கு மாறி அட்டவணை, 15 மதிப்பெண். அடுத்த ஒரு மணி நேரம், பட்டியலில் உள்ள ஒரு புரோகிராமை ஓடும் நிலையில் கணினியில் வைத்துக் கொடுத்து, மூன்று மாற்றங்கள் செய்யச் சொல்வது, 25 மதிப்பெண். உதாரணமாக, பகா எண்ணா என்று சொல்லும் புரோகிராமை இரு எண்களுக்கு இடையே உள்ள பகா எண்களை எண்ணுவதாக மாற்று, 1 கொடுத்தால் வரும் தவறைச் சரிசெய். பிறகு ஒரு மணி நேரம், நான்கு தவறு புதைத்த புரோகிராம், 20 மதிப்பெண். தவறைத் திருத்தினால் பாதி. எந்த உள்ளீடு அதைக் காட்டிக்கொடுத்தது என்று எழுதினால் மீதிப் பாதி. மிச்ச அரை மணி வைவாவுக்கு. புதைக்க ஏற்ற தவறுகள்: எல்லையில் ஒன்று குறைவது, கூட்டுத்தொகையைச் சுற்றுக்குள் பூஜ்யமாக்குவது, சிறியது பெரியது குறி மாறுவது, விடையைத் திருப்பித் தரும் ரிட்டர்ன் வரி ஒரு நிலை உள்ளே தள்ளி நிற்பது. எழுத்துப் பிழை, அடைப்புக்குறிப் பிழை புதைக்க வேண்டாம், அதைக் கணினியே காட்டிக்கொடுத்துவிடும்.

திருத்துவது கடினம் என்று தேர்வாளர்கள் சொல்லக்கூடும். பழைய மழைக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1980களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலியட் சோலோவே குழு மாணவர்களிடம் கேட்ட கேள்வி அது, பின்னர் பல வடிவங்களில் வந்திருக்கிறது. தினசரி மழை அளவை வாங்கு, 99999 வந்தால் நிறுத்து, எதிர்மறை எண்ணை ஒதுக்கு, சராசரி சொல். உள்ளீடு 12, 0, -3, 8, 99999 என்று கொடுங்கள். சரியான விடை 20ஐ மூன்றால் வகுத்து 6.67. விடை 5 என்றால் -3ஐக் கூட்டாமல் நாளாக மட்டும் எண்ணியிருக்கிறார். 4.25 என்றால் கூட்டவும் செய்திருக்கிறார். 10 என்றால் மழையே இல்லாத நாளைத் தள்ளிவிட்டார். 8 என்றால் கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும் சுற்றுக்குள்ளேயே பூஜ்யமாகின்றன. 25004.75 என்றால் நிறுத்தக்குறியையே மழையாக்கிவிட்டார். பிறகு 99999 மட்டும் கொடுத்து ஓட்டுங்கள். பூஜ்யத்தால் வகுத்து விழுந்தால் வெற்றுப் பட்டியலை அவர் நினைத்துப் பார்க்கவில்லை. இரண்டு ஓட்டத்தில், நோட்டைப் படிக்காமலே மதிப்பெண் போட்டுவிடலாம். சீட்டுத் தேர்வில் ஆளுக்கு நான்கு பக்கம் படிப்பதைவிட இது எளிது.

வில்லங்கங்களும் இருக்கின்றன. முதல் ஆண்டு தேர்ச்சி விழும், முதல்வர் கூப்பிட்டுக் கேட்பார். அதனால் முதல் தடவை பாதி மதிப்பெண்ணைப் பழைய முறைக்கே விட்டுவைக்கலாம். மாற்றக் கேள்விகள் இரண்டே ஆண்டில் கடைத்தெரு நோட்ஸில் வந்துவிடும். பத்துப் புரோகிராமுக்கு ஆறு மாற்றம் வீதம் 60 கேள்வி வங்கியில் இருந்து, ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு புதிதாக வந்தால் சமாளிக்கலாம். புரோகிராம்களைக் கணினிகளில் ஏற்ற லேப் உதவியாளருக்கு முந்தின நாள் மாலை ஒரு மணி நேரம் வேண்டும், தேர்வு நேரத்தில் இணையத்தைப் பிடுங்கிவிட வேண்டும். கல்லூரி யு.பி.எஸ்.ஸின் லட்சணம் தெரிந்ததுதான். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சேமிக்கச் சொல்லி மணி அடியுங்கள்.

ரெக்கார்டு மதிப்பெண்ணைக் காக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, பட்டியலில் உள்ள அத்தனை புரோகிராமும் கைபேசியில் நொடியில் கிடைக்கின்றன. அது கொடுத்ததைப் படித்து, எங்கே தவறு என்று சொல்கிறவருக்குத்தான் இனி வேலை.

தன்னாட்சிக் கல்லூரிகள் இந்த மாற்றத்துக்குத் தங்கள் பாடத்திட்டக் குழுவைக் கூட்டினாலே போதும். இணைவுக் கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்கு நாளாகும். ஆனால் அகமதிப்பீட்டுக்கு நடக்கும் மாதிரி லேப் தேர்வு துறையின் கையில்தான் இருக்கிறது. அதை இந்தச் செமஸ்டரிலேயே மாற்றிப் பார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
கலை அறிவியல் கல்லூரிக் கணினி ஆசிரியர்கள் சிலர்,
திருச்சி